இரும்பு ரேக் ஆடுகிறதா, தொய்கிறதா, துருப்பிடிக்கிறதா? வீட்டுப் பட்டறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீட்டுப் பட்டறைக்குச் சொந்தமாகச் செய்துகொள்ளும் இரும்பு ரேக் இரண்டு வகை. ஓட்டை ஓட்டையாக வரும் ஸ்லாட்டட் ஆங்கிளில் ஷீட் தட்டுகளை நட்டு போல்ட் போட்டு மாட்டுவது ஒன்று. ஸ்கொயர் பைப்பை வெட்டி வெல்டிங் வைப்பது இன்னொன்று. இரண்டில் எதில் கோளாறு வந்தாலும் முதலில் காதில் விழுவது, "இன்னும் கனமான கேஜில் போட்டிருக்கணும்" என்பதுதான் (கேஜ் என்றால் தகட்டின் தடிமன்). பெரும்பாலும் அது தப்பான மருந்து. ஆட்டத்துக்கும் தொய்வுக்கும் காரணம் இரும்பின் கனத்தைவிட அதை வைத்த விதத்தில்தான் அதிகம் இருக்கும். முக்கோணம் இல்லாத சட்டமும் அளவுக்கு மீறி நீண்ட தட்டும் இருந்தால், எவ்வளவு கனமாகப் போட்டாலும் காசுதான் வீண்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 6 அடி உயரம், 3 அடி நீளம், 15 இன்ச் ஆழம், 5 தட்டு உள்ள ரேக்குக்கு. மில்லிமீட்டரில் 1800, 900, 375 என்று வைத்துக்கொள்ளலாம். கோளாறு பார்க்க டேப், ரசமட்டம், கொத்தனார் நூல் 5 மீட்டர், செய்தித்தாள் துண்டு ஒன்று, போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இரண்டு போதும்.

முதலில் சாமானோடு இருக்கும்போதே பாருங்கள். காலி ரேக்கில் பாதிக் கோளாறு தெரியாது. பிறகு இறக்குங்கள், மேல் தட்டிலிருந்து. கீழே இருப்பதை முதலில் எடுத்தால் கனமெல்லாம் மேலே நின்று, தோள் பட்டாலே முன்பக்கம் சாயும்.

தள்ளினால் ஆடுகிறது

என்ன ஆட்டம் என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். செய்தித்தாள் துண்டை ஒவ்வொரு காலுக்கு அடியிலும் செருகிப் பாருங்கள். ஒரு காலுக்கு அடியில் தாராளமாக நுழைகிறது என்றால் அது தரையோடு உள்ள தகராறு. அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். நாலு காலும் தரையைக் கவ்விக்கொண்டிருந்தும் மேலே ஆடுகிறது என்றால், ஒருவரை மேல் தட்டில் பக்கவாட்டாகத் தள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் மூலைகளைப் பாருங்கள். நீள்சதுரம் சாய்ந்து சாய்ந்து மீண்டால், சட்டத்தில் குறுக்குப் பட்டை இல்லை அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை.

மூலையில் இரண்டு போல்ட்டை இறுக முறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைப்பது இயல்பு. ஒரு வாரம் நிற்கும். அப்புறம் ஏன் ஆடுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு இருக்கிறது. மூலையில் இரண்டு போல்ட்டுக்கும் இடைவெளி சுமார் 25 மி.மீ. ஸ்லாட்டில் போல்ட் நகர 1 மி.மீ. இடம் இருந்தால் 25-க்கு 1 என்ற சரிவு. 1800 மி.மீ. உயரத்தில் அது 72 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 3 இன்ச் ஆகிறது. தட்டுகள் அஞ்சும் ஆளுக்குக் கொஞ்சம் உராய்ந்து பிடிப்பதால்தான் அவ்வளவு தெரிவதில்லை. அதே 1 மி.மீ. தளர்வு, மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் குறுக்குப் பட்டையின் இரு முனையிலும் இருக்கட்டும். மேலே ஆட்டம் 4 அல்லது 5 மி.மீ.தான் வரும். போல்ட் அதே, ஓட்டை அதே. பட்டை குறுக்கே போனதால் கிடைத்த லாபம் இது.

சரிசெய்வது இப்படி:

1. 25-க்கு 3 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஃபிளாட் பட்டை, 2.1 மீட்டர் நீளத்தில் இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்த்து இரண்டரை கிலோதான் இருக்கும்.

2. ரேக்கின் எல்லா போல்ட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம்.

3. பின்பக்கத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். 1800-க்கு 900 என்றால் இரண்டும் 2012 மி.மீ. வர வேண்டும். டேப்பின் கொக்கி மூலையில் சரியாக உட்காராது. 10 செ.மீ. கோட்டை மூலையில் வைத்து அளந்து, பிறகு 10-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

4. நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் இரு முனையிலும் கயிறு கட்டி, நடுவில் குச்சி விட்டு முறுக்குங்கள். இரண்டு அளவும் ஒன்றானதும் நிறுத்துங்கள்.

5. பட்டைகளைப் பெருக்கல் குறி போல மாட்டி, முனைகளை முதலில் இறுக்குங்கள். அதன் பிறகுதான் மற்ற போல்ட்டுகள், கீழிருந்து மேலாக.

6. பட்டைகள் வெட்டிக்கொள்ளும் நடுவில் துளையிட்டு ஒரு போல்ட். இல்லாவிட்டால் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் இரண்டும் தாளம் போடும்.

ஒரே பட்டை போதாதா என்று கேட்டால், போதாது. மெல்லிய பட்டை இழுத்தால் தாங்கும், அழுத்தினால் வளைந்துகொடுக்கும். இடப்பக்கம் தள்ளும்போது ஒன்றும் வலப்பக்கம் தள்ளும்போது மற்றதும் இழுபடுவதற்குத்தான் இரண்டு. பின்பக்கம் முழுவதும் ஷீட் அடித்தாலும் இதே வேலை நடக்கும், ஆனால் நாலு ஓரமும் போல்ட்டோ ரிவெட்டோ வேண்டும். மேலே மட்டும் தொங்கவிட்ட ஷீட் வெறும் அலங்காரம்.

ஆட்டம் முன்னும் பின்னுமாக இருந்தால் பின்பக்கப் பட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கச் சட்டத்தில் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் முக்கோண கார்னர் பிளேட் போடுங்கள், மூலைக்கு ஒன்று. அல்லது மேலே இரண்டு இடத்தில் சுவரோடு பிடியுங்கள். இரண்டாவதுதான் மலிவு.

வெல்டிங் வைத்த ரேக் திடீரென ஆடத் தொடங்கினால் போல்ட் தேட ஒன்றுமில்லை. மூட்டுகளில் பெயின்ட் மேல் தலைமுடி போல ஒரு பழுப்புக் கோடு தெரிகிறதா பாருங்கள். அங்கே வெல்டு விட்டுவிட்டது.

ஒரு கால் தரையில் படவில்லை

ரேக்கை அப்படியே அரைவட்டம் திருப்பி, அதே இடத்தில் வையுங்கள். தூக்கிக்கொண்டிருந்த கால் இப்போதும் தூக்கிக்கொண்டிருந்தால் கோளாறு ரேக்கில். வேறு கால், ஆனால் தரையில் அதே இடம் என்றால் கோளாறு தரையில். கார் ஷெட், போர்டிகோ, பின்கட்டு எல்லாவற்றிலும் தண்ணீர் வடிய வாட்டம் விட்டுத்தான் தரை போட்டிருப்பார்கள், அதைக் குறை சொல்ல முடியாது.

தரை வாட்டத்துக்கு அட்டை மடித்து வைப்பது, பிளைவுட் துண்டு செருகுவது எல்லாம் மழைக்காலம் வரைதான். வெல்டிங் ரேக் என்றால் காலின் அடியில் ஒரு தகடு வைத்து மூடி, அதில் துளையிட்டு எம்12 (12 மி.மீ. போல்ட்டுக்கான) நட்டு ஒன்றை வெல்டிங் வைத்துவிடுங்கள். அதற்குள் போல்ட்டை அதன் தலை கீழே இருக்கும்படி திருகினால் ஏற்றி இறக்கும் கால் கிடைக்கும். கூடவே, போல்ட் தானாகத் திரும்பாமல் பிடிக்க ஒரு லாக் நட்டு. ஸ்லாட்டட் ஆங்கிள் என்றால் காலடித் தகடான பேஸ் பிளேட்டுக்கு அடியில் இரும்புத் தகட்டுத் துண்டுகளை அடுக்குங்கள்.

ரேக்கே முறுக்கிக்கொண்டிருந்தால் மூலைவிட்டம் அளந்து கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் சமமாகவே வரும். பின்பக்கச் சட்டத்தின் நாலு மூலையிலும் இரண்டு நூலைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று லேசாகத் தொட வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அழுத்தி வளைத்தாலோ அதுதான் முறுக்கு. பக்கச் சட்டங்களையும் இப்படியே பாருங்கள். போல்ட் ரேக்கில் எல்லாவற்றையும் தளர்த்தி, சமதரையில் நிறுத்திக் கீழிருந்து இறுக்கினால் முறுக்கு போய்விடும். வெல்டிங் ரேக்கில் அதை நிமிர்த்த மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு மூட்டை நிமிர்த்தினால் இன்னொன்று கோணும். ஏற்றி இறக்கும் கால் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

தட்டு நடுவில் தொய்கிறது

முதலில், தொய்வு திரும்புகிறதா திரும்பாததா என்று பாருங்கள். தட்டின் முன் ஓரத்தில் முனைக்கு முனை நூல் இழுத்து, நடுவில் இடைவெளி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சாமானை இறக்கி மறுபடி அளங்கள். இடைவெளி போய்விட்டால் இரும்பு தன் எல்லைக்குள்தான் இருக்கிறது, விறைப்பு மட்டும் குறைவு. போகவில்லை என்றால் இரும்பு நிரந்தரமாக வளைந்துவிட்டது. அப்படி வளைந்த ஷீட் தட்டில் முன் மடிப்பு உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். அதைத் தட்டி நிமிர்த்தலாம், பலம் திரும்பி வராது.

காரணத்தில் பெரும்பங்கு நீளம். 25-க்கு 25 மி.மீ., 1.6 மி.மீ. தடிமன் ஸ்கொயர் பைப் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதன்மேல் பரவலாக 100 கிலோ. 3 அடி நீளத்துக்கு நடுவில் தொய்வு 1.7 மி.மீ.தான் வரும், கண்ணுக்கே தெரியாது. அதே பைப், அதே 100 கிலோ, 5 அடி நீளம் என்றால் கிட்டத்தட்ட 8 மி.மீ. 6 அடி என்றால் 13 மி.மீ.க்கு மேல். நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. இடம் அதிகம் கிடைத்ததே என்று இன்னும் சாமானை அடுக்கினால் அதற்கும் மேல்.

இப்போது கனமான கேஜ் வாங்க ஓடாமல் பைப்பின் வடிவத்தைப் பாருங்கள். 40-க்கு 20, அதே 1.6 மி.மீ. பைப்பை 40 பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைத்தால் எடை ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். விறைப்போ 2.7 மடங்கு. 5 அடிக்கு 8 மி.மீ. இருந்த தொய்வு 3 மி.மீ.க்குள் வந்துவிடும். அதையே படுக்கவைத்துப் பற்றவைத்தால் 25 பைப்பைவிடக் கொஞ்சம் மோசம். தட்டு நன்றாகப் படியட்டும் என்று படுக்கவைப்பவர்கள் நிறைய, கொடுத்த காசில் மூன்றில் இரண்டு பங்கு பலத்தைத் தாங்களே தூக்கிப் போடுகிறார்கள். எல் ஆங்கிளும் அப்படித்தான். 25-க்கு 25, 3 மி.மீ. ஆங்கிளின் எடை மீட்டருக்கு 1.1 கிலோ, நாம் சொன்ன ஸ்கொயர் பைப்பும் ஏறத்தாழ அதே எடை. மூன்று மி.மீ. கனம் கையில் நம்பிக்கையாக இருக்கும். ஆனால் விறைப்பில் பைப்தான் 1.7 மடங்கு முன்னே நிற்கிறது.

ஏற்கெனவே செய்துவிட்ட ரேக்குக்கு மூன்று வழிகள். நடுவில் ஒரு ஜோடிக் கால் கொடுத்து நீளத்தைப் பாதியாக்குவது முதல் வழி, கைகண்ட வழியும் அதுதான். முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் அடியில் 40-க்கு 20 பைப்பை நிமிர்த்தி வைத்து, முனைகளைக் காலோடு பிடிப்பது இரண்டாவது. வெறும் ஷீட் தட்டு முன் பின்னாகக் குழிந்தால் மட்டும் மூன்றாவது: அடியில் குறுக்குச் சட்டம், 30 செ.மீ.க்கு ஒன்று. மேலே 12 மி.மீ. பிளைவுட் போடுவது ஜாக்கியின் கால் குத்துவது போன்ற புள்ளிச் சுமையைப் பரப்பிவிடும். நீளவாக்குத் தொய்வுக்கு அது பெரிதாக உதவாது.

சுமையையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். அளவில் சின்னதாகத் தெரிந்து ஏமாற்றுவது நட்டு போல்ட்தான். குவியலாகக் கிடக்கும் போல்ட் லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ வரும். 20 லிட்டர் பெயின்ட் வாளி நிறைய போல்ட் என்றால் 80 கிலோ, ஒரு ஆளைத் தட்டில் உட்காரவைத்த மாதிரி. அதன் இடம் தரையோடு ஒட்டிய தட்டு.

ஷீட் தட்டு வாங்கும்போது கேஜைக் கேட்டு நம்பாமல் வெர்னியரில் அளங்கள். கடைப் பேச்சில் 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 20 என்றால் 0.9 முதல் 1, 22 என்றால் 0.7 முதல் 0.8. பவுடர் கோட்டிங் கனமும் அதில் சேர்ந்துகொள்ளும், ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிவிட்டு அளப்பது நல்லது.

போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வரவில்லை

ஸ்லாட்டட் ஆங்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் டெமட்ரியஸ் கொமினோ, 1947-ல், லண்டனில். எங்கே வெட்டினாலும் எதோடும் சேரும்படி ஓட்டைகளை அமைத்ததில்தான் அதன் சூட்சுமம். ஆனால் நீள ஓட்டை, குறுக்கு ஓட்டை என்று வரிசை மாறி மாறி வருவதால் தலைகீழாக நிறுத்தினால் பொருந்தாது. நாலு காலையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, ஓட்டை வரிசை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கீழ்முனையில் சாக்பீஸால் குறியிட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தட்டு மட்டத்தை டேப்பில் அளக்காதீர்கள், கீழிருந்து ஓட்டையை எண்ணுங்கள். நாலு காலிலும் ஒரே எண் என்றால் தட்டு தானாகவே மட்டமாக உட்காரும்.

மூன்று மூலை சேர்ந்து நாலாவது மட்டும் அடம்பிடித்தால், ஏற்கெனவே போட்ட மூன்றை இறுக்கியிருப்பீர்கள். கையால் முடுக்கிய அளவிலேயே எல்லாவற்றையும் விட்டுவைத்து, கடைசி போல்ட்டும் உள்ளே போன பிறகுதான் ஸ்பேனர். அரை ஓட்டை விலகியிருந்தால் பழைய ஸ்க்ரூ டிரைவரை நெம்பிச் செருகி இழுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் தட்டின் சதுரத்தைச் சோதியுங்கள். 36-க்கு 15 இன்ச் தட்டுக்கு மூலைவிட்டம் பிசகாமல் 39 இன்ச். ஒரு மூலைவிட்டம் 39-ம் மற்றது 38 முக்காலும் காட்டினால் தட்டை மாற்றி வாங்குங்கள். ஓட்டையைப் பெரிதாக்கி அதை உள்ளே திணித்தால் அந்த மூலை என்றைக்கும் ஆடும்.

புதிதாகத் துளை போட வேண்டி வந்தால், பஞ்சால் சின்னக் குழி அடிக்காமல் டிரில்லை வைக்காதீர்கள், பைப் மேல் வழுக்கிக்கொண்டே போகும். 8 மி.மீ. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று போதும். கீச்சென்ற சத்தம், நீல நிறம், தூள் தூளான சீவல் மூன்றும் சேர்ந்து வந்தால் வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டி அழுத்தினால் சுருள் சுருளாக வரும்.

நட்டு இரண்டு சுற்று போய் இறுகிவிடுகிறது

மரை கெட்டுவிட்டது என்று நினைத்து நட்டை வீசுவதற்கு முன் போல்ட்டைப் பாருங்கள். ஸ்லாட்டட் ஆங்கிளோடு வருவது பெரும்பாலும் 5/16 இன்ச் போல்ட், விட்டம் 7.94 மி.மீ. வீட்டு டப்பாவில் கிடப்பது எம்8, விட்டம் 8 மி.மீ. கண்ணால் பிரிக்க முடியாது. மரையில் வித்தியாசம்: 5/16-க்கு இன்ச்சுக்கு 18 மரை, எம்8-க்கு 1.25 மி.மீ. இடைவெளியில் இன்ச்சுக்கு 20-க்குச் சற்று மேல். ஒன்றின் நட்டை மற்றதில் திருகினால் முதல் ஓரிரு சுற்று ஏமாற்றி உள்ளே போகும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். பலம் கொடுத்தால் மரை உரியும்.

இரண்டு போல்ட்டையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பல்லும் பல்லும் கடைசி வரை பொருந்தினால் ஒரே ஜாதி. நடுவில் வெளிச்சம் கசிந்தால் வேறு. தலையில் 4.6 அல்லது 8.8 என்று எண் இருந்தால் மில்லிமீட்டர் போல்ட்.

இறுகின நட்டு தானாகத் தளர்கிறது என்றால் அதே ரேக்கில் பெஞ்ச் கிரைண்டரோ கம்ப்ரசரோ உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தரைக்கு இறக்குங்கள். முடியாவிட்டால் நைலான் வளையம் வைத்த லாக் நட்டு போடுங்கள். வாஷருக்கு அடியில் தடித்த பெயின்ட் இருந்தாலும் அது நாளடைவில் நசுங்கித் தளர்வு விடும். ஸ்பிரிங் வாஷர் தட்டையானதும் இன்னொரு கால் சுற்று, அதோடு நிறுத்துங்கள். சாமான் ஏற்றிய ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்ப முடுக்குவது அவசியம்.

வெல்டிங் வைத்தால் பைப் ஓட்டையாகிறது

1.2, 1.6 மி.மீ. பைப்பில் இது எல்லாருக்கும் நடப்பது. கரன்ட் அதிகம், வெட்டில் இடைவெளி அதிகம், ஓரிடத்தில் நிற்பது அதிகம், இந்த மூன்றில் ஒன்று. இடைவெளியைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். கட்டிங் வீல் கோணலாகப் போய் 2 மி.மீ. பிளவு விட்டிருந்தால் எந்தக் கரன்ட்டிலும் உருகி விழும். பிளவை வெல்டிங் ராடால் நிரப்பப் பார்க்காமல் பைப்பை மறுபடி வெட்டுங்கள்.

ராடு 6013 வகை, 2.5 மி.மீ., கடையில் 12 நம்பர் என்பார்கள். 1.6 மி.மீ. பைப்புக்கு 50 முதல் 65 ஆம்பியர். இன்வெர்ட்டர் மெஷினில் ராடு ஹோல்டரை மைனஸில் மாட்டினால் ஊடுருவல் குறையும், மெல்லிய பைப்புக்கு அதுதான் தோது. ஒரே இழுப்பில் சுற்றிவர வேண்டாம். 10 முதல் 15 மி.மீ. ஒரு தையல், எதிர்ப்பக்கம் ஒன்று, சிவப்பு அணைந்த பிறகு அடுத்தது. நிற்கும் மூட்டில் மேலிருந்து கீழாக வேகமாக இழுங்கள். ஓட்டை விழுந்துவிட்டால் உடனே நிரப்பப் போகாதீர்கள், பெரிதாகும். ஆறவிட்டு, ஸ்லாக் (வெல்டின் மேல் படியும் கறுப்பு ஓடு) தட்டி, ஓட்டையின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வைத்து உள்நோக்கி மூடுங்கள். பின்னால் தாமிரப் பட்டை பிடிக்க இடமிருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மேலே அழகாகச் செதில் செதிலாக இருக்கும், சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கழன்று வரும். இரும்பு உருகாமல் ராடு மட்டும் உருகி மேலே உட்கார்ந்திருக்கிறது. கழன்ற அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் கரன்ட் போதவில்லை அல்லது எர்த் கிளாம்ப் (மெஷினின் மறு வயர்க் கவ்வி) பெயின்ட் மேல் பிடித்திருக்கிறது. கண்ணாடி போலக் கறுப்புத் துணுக்கு உள்ளே இருந்தால் ஸ்லாக் தட்டாமல் மேலே ஓட்டியிருக்கிறீர்கள். வெல்டு சரியாகவே இருந்தும் விட்டுப் போனால், கிரைண்டர்காரர் அழகு பார்த்து முழுவதும் தேய்த்துவிட்டார். தட்டு படியும் முகத்தை மட்டும் மட்டமாக்குங்கள், மற்ற மூன்று பக்கமும் மேடு இருக்கட்டும்.

வெல்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். சட்டம் கோணலாவது அதனால்தான். நாலு மூலையிலும் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, மூலைவிட்டம் அளந்து, சரியென்றால் எதிரெதிர் மூலையாக முழு வெல்டு. 2 மி.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால், நீள மூலைவிட்டத்தின் முனையைக் கட்டைமேல் வைத்து எதிர்முனையில் தட்டினால் டேக் நிலையில் எளிதாக வந்துவிடும்.

வெள்ளைப் புகை கிளம்பினால் கையை எடுங்கள், அது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். மூட்டைச் சுற்றி பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று வையுங்கள். ஏற்கெனவே உள்ள ரேக்குக்கு வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் தின்னர், பெயின்ட் டப்பாக்களை ரேக்கிலிருந்து மட்டுமல்ல, அறையிலிருந்தே வெளியேற்றுங்கள்.

பெயின்ட் உரிகிறது, துரு வடிகிறது

உரியும் இடத்தை நகத்தால் பெயர்த்து அடிப்பக்கம் பாருங்கள். பளபளவென்று எண்ணெய்ப் பசை இருந்தால் பைப்பைத் துடைக்காமல் அடித்திருக்கிறார்கள், புது பைப் எண்ணெய் பூசித்தான் வரும். நீலக் கறுப்புச் செதிலோடு வந்தால் தேய்க்கவில்லை. வெள்ளையாக, சோப்பு போல மெழுகாக இருந்தால் அது ஜி.ஐ. மேல் நேரடியாக எனாமல் அடித்ததன் விளைவு. துத்தநாகமும் எனாமலின் எண்ணெயும் சேர்ந்து உண்மையிலேயே சோப்பு மாதிரி ஒன்று உண்டாகி, பிடிப்பு விட்டுப்போகும். ஜி.ஐ.க்கு எட்ச் பிரைமர்தான் முதல் கோட்.

சாதாரண எம்.எஸ். பைப்புக்கு: தின்னரில் துடை, 80 நம்பர் எமரியில் தேய், மறுபடி துடை, அன்றைக்கே ஒரு கோட் ரெட் ஆக்சைடு பிரைமர். இரவு விட்டு, எனாமல் இரண்டு கோட். மழை ஈரம் இறங்கும் மாலையில் அடித்தால் பளபளப்பு மங்கிப் பால் படர்ந்ததுபோல் ஆகும். வெல்டு மூட்டில் ஸ்லாக்கை விட்டுவிட்டு அடித்தால் ஆறே மாதத்தில் அங்கேதான் முதல் துரு.

ஸ்கொயர் பைப்பின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தால் துரு உள்ளே இருக்கிறது. தரை கழுவும் தண்ணீர் திறந்த அடிமுனை வழியாக ஏறியிருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து பைப்பை உள்ளிருந்தே அரித்துவிடும். சுத்தியலின் பின்முனையால் அடிமுனையைத் தட்டுங்கள். கணீரென்றால் தப்பித்தது. மண்சட்டி போல ஒலித்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, அடியை மூடிய புதுக்கால் வெல்டிங் வைக்க வேண்டும். மேல்முனைக்கு பிளாஸ்டிக் மூடி போதும்.

முன்பக்கம் சாயப் பார்க்கிறது

உயரம் ஆழத்தைப்போல் 4 மடங்கைத் தாண்டினால் சுவரில் பிடிக்காமல் விடக்கூடாது. நம் ரேக் 72-க்கு 15, ஏறத்தாழ 5 மடங்கு. மேலே இரண்டு கால்களிலும் ஒவ்வொரு பிடி. செங்கல் சுவரில் எம்8 ஆங்கர் போல்ட், செங்கல்லின் நடுவில் வர வேண்டும், சாந்து இணைப்பில் வரக்கூடாது. ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. (லேசான நுரை கான்கிரீட்) பிளாக் சுவரில் விரியும் ஆங்கர் பிடிக்காது, அதற்கென்று விற்கும் நீள நைலான் பிளக் வாங்குங்கள்.

பிடித்த பிறகு முன்கால்கள் தூக்கிக்கொண்டால் காரணம் சுவரின் அடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல். கீழே ரேக் சுவரிலிருந்து 10, 12 மி.மீ. தள்ளி நிற்கும், மேலே போல்ட் அதைச் சுவரோடு இழுத்துவிட்டது. இடையில் அதே அளவு பைப் துண்டை ஸ்பேசராகக் கொடுங்கள்.

காலுக்கு அடியில் டைல் விரிசல்

40-க்கு 40, 2 மி.மீ. ஆங்கிளின் வெட்டுமுகம் ஒன்றரை சதுர செ.மீ.தான். ஒரு காலில் 100 கிலோ இறங்கினால் சதுர செ.மீ.க்கு 60 கிலோவுக்கு மேல், உளி வைத்த மாதிரி. டைலைத் தட்டிப் பார்த்து, கீழே பொந்தாக ஒலிக்கும் இடத்தில் காலை வைக்காதீர்கள். 75-க்கு 75 மி.மீ. பேஸ் பிளேட் போட்டால் அதே சுமை சதுர செ.மீ.க்கு 2 கிலோவுக்குள் அடங்கும். கால்முனையில் மாட்டும் பிவிசி ஷூ லேசான ரேக்குக்குச் சரி, கனத்தில் ஆங்கிள் அதை அறுத்துக்கொண்டு தரையைத் தொட்டுவிடும்.

சக்கரம் வைத்ததும் எல்லாம் கெட்டது

ஸ்லாட்டட் ஆங்கிள் காலில் சக்கரம் வைக்காதீர்கள். கால்கள் விரிந்துகொள்ளும். கீழே நாலு பக்கமும் சட்டம் உள்ள வெல்டிங் ரேக்குக்குத்தான் சக்கரம். மொத்தச் சுமையை நாலால் வகுக்காமல் மூன்றால் வகுத்துச் சக்கரம் வாங்குங்கள். தரையில் ஒரு மேடு வந்தால் அந்த நேரத்தில் மூன்றுதான் தாங்கும். 400 கிலோ என்றால் சக்கரத்துக்கு 135. தள்ளும் பக்கம் திரும்புகிற சக்கரம் இரண்டு, பிரேக்கோடு; மறுபக்கம் திரும்பாதவை இரண்டு. நாலும் திரும்புவதாக வைத்தால் நேராகத் தள்ளவே முடியாது. சக்கர ரேக்கைச் சுவரில் பிடிக்க வழியில்லாததால் உயரம் 4 அடிக்குள் இருக்கட்டும், கனமெல்லாம் கீழ்த் தட்டில்.